தூங்கினவனுக்கு யார் சாட்சி?

"நான் தூங்கினேன்னு நீங்கதான் நிரூபிச்சுக் குடுக்கணுமுங்க."

காலங்காத்தால ஒரு ஆளு மாடியேறி வந்து இப்படிக் கேட்டா நீங்க என்ன பண்ணுவீங்க? நான் சிரிச்சேன். மெஹராஜக்கா சிரிக்கல. அதனாலதான் அவங்க துப்பறியிறவங்களா இருக்காங்க, நான் அவங்களுக்கு ஸ்கூட்டர் ஓட்டுற ஒச்சப்பனா இருக்கேன்.

எங்க ஆபீஸ் திண்டுக்கல் பேகம்பூர்ல, ஒரு பூட்டுக்கடைக்கு மேல மாடி. இன்சூரன்ஸ் கம்பெனிக்காகப் பதினஞ்சு வருஷம் பொய் விபத்தையெல்லாம் கிளறிக் கிளறிப் பாத்துட்டு, சலிச்சுப்போயி அக்கா தனியாத் தொறந்த கடை. போர்டுல 'விசாரணை'ன்னு மட்டும்தான் எழுதியிருக்கும். வாரத்துக்கு நாலு பேராச்சும் பழனி பஸ் எத்தனை மணிக்குன்னு கேக்க ஏறி வருவாங்க. நானும் சொல்லி அனுப்புவேன், பாவம்.

வந்தவரு பேரு சடையாண்டி. ஒட்டன்சத்திரம் பக்கம் அம்பிளிக்கை. நல்ல உசரம், வாட்டசாட்டமான ஆளு, ஆனா அழுதுருவாரோன்னு பயமா இருந்துச்சு. காலையில மட்டும் ஸ்கூல் வேன் ஓட்டுறாரு. வாரத்துல மூணு நாள் திண்டுக்கல் ஆனந்தி டிரான்ஸ்போர்ட்ல பகுதி நேர லாரி டிரைவர்.

"உக்காருங்க தம்பி. எப்பத் தூங்கினீங்க?"

"செவ்வாக்கெழமை மத்தியானமுங்க. பன்னெண்டரையில இருந்து மூணரை வரைக்கும்."

"மூணு மணி நேரமா? குடுத்து வச்ச மனுசன்யா" ன்னேன்.

அக்கா என்னை ஒரு பார்வை பாத்தாங்க. நான் வாயை மூடிக்கிட்டு டீ ஊத்தப் போயிட்டேன்.

சடையாண்டி ஒரு பச்சை அட்டை நோட்டை எடுத்து மேசையில வச்சாரு. ஓய்வு நோட்டாம். அந்த டிரான்ஸ்போர்ட்ல ஆளுக்கு ஒண்ணு. எத்தனை மணிக்கு வண்டி எடுத்தோம், எப்ப நிறுத்தினோம், எங்க படுத்தோம், எல்லாம் அவனவன் கையால எழுதணும். பகுதி நேர ஆளா இருந்தா வெளியில பாத்த வேலையையும் சேத்து எழுதணும். "வேன் ஓட்டின கண்ணு வேற, லாரி ஓட்டுற கண்ணு வேறயா?"ன்னு ஓனரம்மா ஆனந்தி கேப்பாங்களாம். கேள்வி நியாயமாத்தான் பட்டுச்சு எனக்கு.

செவ்வாக்கெழமைப் பக்கத்தை அக்கா சத்தமாப் படிச்சாங்க. "ஏழுல இருந்து ஒம்போது, ஸ்கூல் வேன். பத்தரைல இருந்து பன்னெண்டேகால், லாரி, காலிப் பெட்டி ஏத்திக்கிட்டு ஒட்டன்சத்திரம். பன்னெண்டரைல இருந்து மூணரை, ஓய்வு, மார்க்கெட்டுக்குப் பின்னாடி காலி எடம். நாலு மணிக்கு காய் ஏத்தி, பாலக்காடு. சரியாத்தானே இருக்கு?"

"நோட்டு சரியா இருக்குதுங்க. வண்டிதான் சரியா இல்லீங்க." அவரு குரல் கம்மிப்போச்சு. "போன வாரம் ஓனரம்மா எல்லா லாரிக்கும் ஜி.பி.எஸ். மாட்டிட்டாங்க, ஒருத்தருக்கும் சொல்லாம. அதுல பாத்தா, ஒண்ணு அஞ்சுக்கு என் வண்டி கெளம்பி பழனி ரோட்டுல போயிருக்குது. சத்திரப்பட்டி தாண்டி அரை மணி நேரம் நின்னுருக்குது. ரெண்டரைக்குத் திரும்பி வந்துருக்குது."

"நீங்க எங்க தூங்கினீங்க?"

"வண்டிக்குள்ளதானுங்க. சீட்டுக்குப் பின்னாடி படுக்கை இருக்குதுல்லங்க, அதுல. திரையை இழுத்து விட்டுட்டு."

நான் டீ டம்ளரை வச்சுட்டுக் கேட்டேன், "அப்ப லாரி உங்களைத் தூக்கிட்டுத் தானாப் போயி பழனியாண்டவரைப் பாத்துட்டு வந்துச்சா?"

"அதைத்தானுங்க ஓனரம்மாவும் கேட்டாங்க."

இன்னிக்கு வியாழக்கெழமை. சாயங்காலம் நாலு மணிக்கு ஆபீசுக்கு வரச் சொல்லியிருக்காங்களாம். பொய்யா ஓய்வு எழுதினவனுக்கு அங்க வண்டி கெடையாது. அதோட விடாம, ஊர்ல இருக்கிற மத்த டிரான்ஸ்போர்ட்டுக்கும் பேரைச் சொல்லிருவாங்களாம்.

"ஸ்கூல் காதுக்குப் போனா வேனும் போயிருமுங்க. பொய் சொல்ற டிரைவரை நம்பி யாருங்க புள்ளைய ஏத்தி விடுவா? நானே ஏத்தி விட மாட்டேனுங்க."

அதைக் கேட்டதும் எனக்குக் கிண்டல் வரல. சொந்தப் பொழப்பு போகுதுன்னு வந்த மனுசன் அந்தப் புள்ளைங்க பக்கம் நின்னு பேசுறானே, இவன் பொய் சொல்ற ஆளு இல்லைன்னு எனக்கு அப்பவே முடிவாயிருச்சு.

"ஆபீஸ்ல ஓனரம்மா மட்டும்தானா?"ன்னாங்க அக்கா.

"மரியசெல்வம் அண்ணன் இருக்காருங்க, அந்தம்மா வீட்டுக்காரரு. தங்கமான மனுசன். முந்தி அவரும் டிரைவர்தானுங்க. 'போகட்டும் விடு ஆனந்தி, பாவம்'னு மூணு தடவை சொன்னாரு. அந்தம்மா கேக்கல."

"மூணு தடவையா?"

"மூணு தடவையுமுங்க, தரையைப் பாத்துக்கிட்டே."

அக்கா தலையை ஆட்டிக்கிட்டுத் திடீர்னு குனிஞ்சாங்க. "தம்பி, ஏன் ஒரு கால்ல நீலச் செருப்பு, ஒரு கால்ல செகப்புச் செருப்பு?"

"அதுங்களா? செகப்பு எங்க வீட்டுக்காரி செருப்புங்க. என்னோட நீல ஜோடியில ஒண்ணு நசுங்கிப் போச்சு. தூங்கி எழுந்து எறங்கிப் பாத்தா வார் பிஞ்சு, சப்பையாக் கெடந்துச்சு. எந்த வண்டிக்காரனோ ஏத்திட்டுப் போயிட்டான்."

"செருப்பை ஏன் வெளியில விட்டீங்க?"

"கேபின்ல முருகன் படம் இருக்குதுங்க, செருப்புக் காலோட ஏற மாட்டோம். வண்டி எடுக்கிறப்ப செருப்பைத் தூக்கி சீட்டுக்குக் கீழ போட்டுக்குவேன். தூங்குறப்ப டயர்கிட்ட கழட்டி விட்டுட்டு ஏறுவேன். ஆளு உள்ள இருக்கான்னு மார்க்கெட்டுக்காரங்களுக்குத் தெரியும், தட்டி எழுப்ப மாட்டாங்க."

"தட்டினா எழுந்திரிப்பீங்களா?"

"எங்க கல்யாணத்தன்னிக்கே என்னைத் தண்ணி ஊத்தித்தானுங்க எழுப்பினாங்க."

அக்கா போன்ல அவரை ஒரு போட்டோ எடுத்துக்கிட்டாங்க. "நாலு மணிக்கு நாங்களும் டிரான்ஸ்போர்ட் ஆபீசுக்கு வந்துருவோம் தம்பி. ஒச்சு, வண்டியை எடு."

நான் ஒரு இட்லி கூடச் சாப்பிடலைன்னு சொல்லிப் பாத்தேன். காத்துல போச்சு.

ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுல அந்த நேரம் சந்தடி கொறவு. பின்னாடி காலி எடத்துல நாலஞ்சு லாரி நின்னுச்சு. கடைசியில ஒரு நீளக் கல் சுவரு. சடையாண்டி சொன்ன எடம் அதுதான். சுவரை ஒட்டி லாரிய நிறுத்தியிருக்காரு, டயர் தடம் இன்னும் அழியல. இடது கதவுக்கும் சுவருக்கும் நடுவுல ஒரு ஆளு ஒருக்களிச்சுப் போற அளவுக்குத்தான் சந்து. வலது பக்கம் பூராவும் எவனோ அழுகின தக்காளியக் கொட்டி வச்சிருக்கான், செவ்வாக்கெழமையில இருந்து ஊறிக்கிட்டு இருக்கு. அதை மிதிக்க மனசில்லாமத்தான் அவரு இடது பக்கமா ஏறியிருக்காரு.

சுவரோரம் குப்பையில அந்த நீலச் செருப்பு கெடந்துச்சு. அப்பளம் மாதிரி நசுங்கியிருந்துச்சு. அக்கா அதைக் கையில எடுத்துப் பாத்துட்டு, சுவரைப் பாத்தாங்க, தரையைப் பாத்தாங்க.

"ஒச்சு, வேற வண்டிக்காரன் ஏத்திட்டான்னு சொன்னாருல்ல? அவரு லாரி இங்க நிக்கிறப்ப, சுவருக்கும் லாரிக்கும் நடுவுல எந்த வண்டி வரும்?"

நான் யோசிச்சேன். "என் ஸ்கூட்டர் வரும். அதுவும் கண்ணாடியைக் கழட்டினாத்தான்."

"அப்ப இந்தச் செருப்பு மேல ஏறினது எந்த டயரு?"

எனக்குப் பொறி தட்டுச்சு. "அவரு லாரியோட பின் டயரேதான்! வண்டி நகந்துருக்கு."

"நகந்துச்சு. ஆனா ஓட்டினவன் செருப்பை எடுத்து உள்ள போடல. ஏன்னா அது அவன் செருப்பு இல்லை. அவன் அதைப் பாக்கவே இல்லை, வலது பக்கமாத் தக்காளிய மிதிச்சு ஏறியிருக்கான். செருப்புக்குச் சொந்தக்காரன் உள்ள தூங்கிக்கிட்டு இருந்துருக்கான்."

"அக்கா, ஒரு மனுசன் இம்புட்டுத் தூரம் லாரி ஓடுறது தெரியாமத் தூங்குவானா?"

"நீ போன மாசம் நம்ம ஆபீஸ்ல தூங்குறப்ப கீழ பூட்டுக்கடை ஷட்டரை வெல்டிங் பண்ணி முடிச்சாங்க. தெரியுமா உனக்கு?"

தெரியாது. அதுக்கு மேல நான் அந்தப் பேச்சை வளக்கல.

"சாவி இல்லாம எப்படி எடுப்பான்? எவனோ கள்ளச்சாவி போட்டுருக்கான்க்கா. நம்ம ஊர்ல அதுக்கா ஆளு இல்லை?"

"திருடன் லாரியத் திருடிட்டுப் போயி, ஒன்னரை மணி நேரத்துல அதே சுவரோரம் கொண்டாந்து நிறுத்துவானா? வா, அந்த அரை மணி நேரம் எங்க நின்னான்னு பாப்போம்."

சத்திரப்பட்டி தாண்டினதும் ஜி.பி.எஸ். காட்டின எடத்துல ஒரு டீக்கடைதான் இருந்துச்சு. கடைக்கார அம்மா பேரு ஜக்கம்மாள். அறுவது வயசிருக்கும், வெடுக்குனு பேச்சு. நான் மொதல்ல வடை கேட்டேன், அக்கா மொதல்ல லாரிய விசாரிச்சாங்க. ஜக்கம்மாள் ரெண்டு பேருக்கும் சேத்தே பதில் சொல்லுச்சு.

"வடை தீந்துபோச்சு சாமி. லாரி வந்துச்சுங்க, செவ்வாக்கெழமை மத்தியானம். பச்சைக் கலரு. மறக்க முடியுமுங்களா அந்த ஆளை?"

அக்கா போன்ல சடையாண்டி போட்டோவைக் காட்டினாங்க. "இவரா?"

"இவரு இல்லீங்க. இது சின்ன வயசு. வந்தவரு கொஞ்சம் தொப்பையும் நரையுமா இருந்தாரு. கறுப்பு ஷூ போட்டுருந்தாரு, ஷூ பூராவும் தக்காளி. மொதல்ல என் தொட்டித் தண்ணியில ஷூவக் கழுவினாரு. டீக்கு ஜீனி வேண்டாம்னு சொன்னாரு. சரி, சக்கரை வியாதி போலன்னு பாத்தா, பின்னாடியே நாலு அதிரசம் வாங்கித் தின்னாரு!"

நான் வாய்விட்டுச் சிரிச்சுட்டேன்.

"அப்புறம் என்ன பண்ணினாரு?"

"என்கிட்டப் பழைய துணி வாங்கிட்டுப் போயி லாரிக் கண்ணாடியைத் தொடச்சாரு. முன்னாடி, சைடுல, லைட்டு, எல்லாத்தையும். பாட்டுப் பாடிக்கிட்டே தொடச்சாரு. புது வண்டியான்னு கேட்டேன். 'பழைய வண்டிதாம்மா, எனக்கு இன்னிக்கு ஒரு நாள் புதுசு'ன்னாரு. போறப்ப மாட்டைத் தட்டுற மாதிரி கதவைத் தட்டிக் குடுத்துட்டு ஏறினாரு."

வெளியில வந்ததும் நான் ஸ்கூட்டரைத் திருப்பினேன். "முடிஞ்சுதுக்கா. ஓட்டினது நம்ம ஆளு இல்லைன்னு சாட்சி கெடைச்சாச்சு. பிரியாணிக் கடைக்கு விடவா?"

"அந்தம்மா கேக்கப்போற மொதக் கேள்வியே, அப்ப யாரு ஓட்டினான்னுதான். அதுக்குப் பதில் இல்லைன்னா, சடையாண்டி எவனுக்கோ வண்டியக் குடுத்துட்டுத் தூங்கினான்னு சொல்லிருவாங்க. அது இன்னும் மோசம்." அக்கா ஹெல்மெட்டை மாட்டினாங்க. "ஒச்சு, இந்த ஸ்கூட்டரை எத்தனை வருஷமா ஓட்டுற?"

"ஆறு வருஷமா."

"ஒரு நாளாச்சும் தொடச்சிருக்கியா?"

"நான் எதுக்குத் தொடைக்கணும்? உங்க ஸ்கூட்டராச்சே!"

"அதேதான்"ன்னு சொல்லிட்டு ஏறி உக்காந்துட்டாங்க. எது அதேதான்னு நானும் ரெட்டியார்சத்திரம் வரைக்கும் மண்டையைப் போட்டு உடைச்சேன்.

ஆனந்தி டிரான்ஸ்போர்ட் ஆபீஸ் பழனி ரோட்டுல. நாங்க நுழையறப்ப மணி நாலடிக்க ரெண்டு நிமிஷம். சடையாண்டி நாங்க யாருன்னு சொல்லி வச்சுட்டு ஓரமா நின்னுக்கிட்டு இருந்தாரு. மேசைக்குப் பின்னாடி ஆனந்தியம்மா, கண்ணாடி போட்ட, கறாரான முகம். பக்கத்து நாற்காலியில மரியசெல்வம், தொப்பையும் நரையுமா. அவரு காலைப் பாத்தேன். கறுப்பு ஷூ.

"சொல்லுங்கக்கா" ன்னாங்க ஆனந்தியம்மா. "இந்தத் தம்பி மேல எனக்கு என்ன பகையா? நோட்டுல ஓய்வுன்னு எழுதிட்டு வண்டி ஓட்டினா, இன்னிக்கு இல்லைன்னாலும் ஒரு நாள் எங்கயாச்சும் போயி மோதுவான். எனக்கு அதைப் பாக்கத் தெம்பு இல்லை."

அக்கா அந்த நசுங்கின செருப்பை எடுத்து மேசை மேல, பேப்பர் விரிச்சு வச்சாங்க. சுவரைச் சொன்னாங்க, இடுக்கைச் சொன்னாங்க, தக்காளியச் சொன்னாங்க. சொல்லச் சொல்ல மரியசெல்வம் காலை நாற்காலிக்கு அடியில இழுத்துக்கிட்டே போனாரு.

"நோட்டும் உண்மை, ஜி.பி.எஸ்ஸும் உண்மை. தம்பி உள்ள தூங்கிக்கிட்டு இருந்தாரு. வண்டியை இன்னொருத்தர் எடுத்துட்டுப் போயி, டீ குடிச்சு, கண்ணாடியெல்லாம் ஆசை ஆசையாத் தொடச்சு, கொண்டாந்து விட்டுட்டாரு."

"தொடச்சாரா?" ஆனந்தியம்மா நெத்தியைச் சுருக்கினாங்க. "எங்க டிரைவருங்க சொல்லிச் சொல்லியும் தொடைக்க மாட்டாங்களே. யாரு அது?"

அக்கா பேரைச் சொல்வாங்கன்னு மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். சொல்லல. பச்சை நோட்டைத் தொறந்து, பேனா மூடியைக் கழட்டி, நோட்டு மேல வச்சாங்க.

"ஸ்டீரிங்கைத் தொட்டவங்க அவங்கவங்க கையால எழுதணும்னு உங்க சட்டம். ஒண்ணு அஞ்சுல இருந்து ரெண்டரை வரைக்கும் ஒரு வரி பாக்கி இருக்கு. ஓட்டினவரே எழுதட்டும்."

சடையாண்டி திருதிருன்னு முழிச்சாரு. மரியசெல்வம் மெதுவா எழுந்து வந்து பேனாவை எடுத்தாரு. மரியசெல்வம், பழனி ரோடுன்னு எழுதிட்டு, பொண்டாட்டி முகத்தைப் பாக்காமயே நின்னாரு.

"மண்டிக்காரரைப் பாக்கப் போனேன் ஆனந்தி. மாத்துச்சாவி பையில இருந்துச்சு. வண்டி சும்மா நின்னுச்சு. இவன் பஸ் ஏறி வீட்டுக்குப் போயிட்டான்னு நெனச்சேன், அம்பிளிக்கை பக்கம்தானே. மூணு வருஷமாச்சு ஸ்டீரிங்கைத் தொட்டு. ஒரு ரவுண்டுதான்னு..." சட்டுனு நிறுத்தினாரு. சடையாண்டி பக்கம் திரும்பினாரு. "ஏப்பா, நெசமாவே நீ உள்ளயா இருந்த?"

"இருந்தேனுங்கண்ணே."

"ஆண்டவரே! நான் போற வழியெல்லாம் பாடினேனே!"

"அது நீங்களா? தூக்கத்துல லேசாக் கேட்டுச்சுங்க. சர்ச்சுல ஸ்பீக்கர் கட்டியிருக்காங்க போலன்னு திரும்பிப் படுத்துட்டேனுங்க."

நான் சிரிப்பை அடக்க உதட்டைக் கடிச்சுக்கிட்டேன். ஆனா ஆனந்தியம்மா சிரிக்கல. கண்ணாடியைக் கழட்டி மேசையில வச்சாங்க.

"மூணு வருஷத்துக்கு முன்னாடி, ரெண்டு நாளு தூங்காம ஓட்டி, கண்ணசந்து வயல்ல கொண்டுபோயி எறக்கினது யாரு? பதினோரு நாள் ஆஸ்பத்திரி வாசல்ல உக்காந்திருந்தது யாரு? இந்த நோட்டை நான் டிரைவருங்களுக்காகவா போட்டேன்? உங்களை நெனச்சுத்தானே போட்டேன்!" குரல் உடைஞ்சுபோச்சு. "ஓட்டினது கூடப் பரவாயில்லைங்க. ரெண்டு நாளா இவன் இங்க வந்து அழுதுட்டுப் போறான், நீங்க அந்தச் சேர்ல உக்காந்து பாத்துக்கிட்டு இருந்தீங்களே!"

"உனக்குப் பயந்துட்டேன்" ன்னாரு மரியசெல்வம். பெரிய மனுசன், பச்சப்புள்ள கணக்கா நின்னாரு. "தப்புதான். இவன் மொகத்தைப் பாக்கவே முடியல என்னால." அப்புறம் சடையாண்டிகிட்டப் போயி ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டாரு. "மன்னிச்சுருப்பா."

"அய்யோ விடுங்கண்ணே"ன்னு நெளிஞ்சாரு சடையாண்டி.

ஆனந்தியம்மா கண்ணைத் தொடச்சுக்கிட்டு நோட்டை இழுத்து, சடையாண்டி ஓய்வுன்னு எழுதின வரிக்குப் பக்கத்துல 'உண்மை'ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டாங்க. "தம்பி, உன்னைப் பொய்யன்னு சொன்னது என் தப்பு. மத்த ஆபீசுக்கு யாருக்கும் நான் இன்னும் சொல்லல, சொல்லவும் மாட்டேன். உனக்கு இஷ்டம்னா இங்கயே மாசச் சம்பளத்துக்கு நிரந்தரமா வந்துரு, வேன் நேரம் போகத்தான் வண்டி தருவேன். நாளைக்கு வேன் முடிஞ்சதும் எர்ணாகுளம் லோடு இருக்கு. நீதான் எடுக்கணும்."

நிரந்தர வேலை! நான் அவரு தோள்ல ஒரு தட்டு தட்டினேன். ஆனா மனுசன் தலையச் சொறிஞ்சுக்கிட்டு நின்னாரு.

"வேலைக்கு வாரேனுங்கம்மா, சந்தோசமுங்க. ஆனா நாளைக்கு வண்டி எடுக்க மாட்டேனுங்க."

"ஏன்? இன்னும் கோவமா?"

"கோவமெல்லாம் இல்லீங்க. இந்த ரெண்டு நாளா பேரு போயிருமேன்னு பயத்துல பொட்டுத் தூக்கம் இல்லீங்க. வேனுக்கே வேற ஆளைத்தான் அனுப்பினேன். நோட்டுல அதை எழுதினா நீங்களே சாவி தர மாட்டீங்க."

ஆனந்தியம்மா எர்ணாகுளம் வண்டிச் சாவியை எடுத்து மேசை டிராயருக்குள்ள போட்டுப் பூட்டினாங்க.

"போயித் தூங்கு தம்பி" ன்னாங்க. "லோடு நாளன்னிக்குப் போகட்டும்."